ஈரக் கல்லும் இடைவெளிக் காற்றும்: வெப்பக் கடத்துத்திறனை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு கட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் இரண்டு ஆய்வறிக்கைகளை எனக்கு அனுப்பியிருந்தார். ஒரே லாரியில் வந்து இறங்கிய ஏஏசி பிளாக்குகளில் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கற்கள்) இரண்டை எடுத்து இரண்டு இடங்களில் சோதனைக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு அறிக்கையில் வெப்பக் கடத்துத்திறன் 0.16. இன்னொன்றில் 0.24. “இதுல எதை நம்புறது?” என்று கேட்டார். இரண்டு இடத்துக்கும் பேசிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. ஓரிடத்தில் கல்லை ஓவனில் உலர்த்திவிட்டு அளந்திருக்கிறார்கள். மற்ற இடத்தில் வந்தது வந்தபடியே அளந்திருக்கிறார்கள். இரண்டு எண்ணும் சரிதான். எந்த நிலையில் அளந்தோம் என்பதை இரண்டு அறிக்கையிலும் எழுதவில்லை, அதுதான் குறை.

நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கருவி ஒழுங்காகவே வேலை செய்திருக்கும். அதற்குள் வைத்த மாதிரி எப்படி இருந்தது, அதைச் சுற்றி என்ன நடந்தது என்பதைக் கவனிக்காமல் விட்டிருப்போம்.

முதலில் சில எண்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு மீட்டர் தடிமனும் ஒரு சதுர மீட்டர் பரப்பும் உள்ள பொருளின் இரண்டு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெப்பம் கடந்து போகிறது என்பதுதான் வெப்பக் கடத்துத்திறன். புழக்கத்தில் கே மதிப்பு என்பார்கள். செம்புக்கு இது சுமார் 400. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு 1.6 பக்கம், சுட்ட செங்கலுக்கு 0.8 பக்கம், உலர்ந்த ஏஏசி பிளாக்குக்கு 0.16 பக்கம், தெர்மாகோலுக்கு 0.035 பக்கம். அசையாமல் நிற்கும் காற்றுக்கு 0.026. பட்டியலின் கடைசியில் காற்று இருப்பதைப் பாருங்கள். தெர்மாகோல், ராக்வூல் என்னும் கல் இழைப் பஞ்சு, ஏஏசி என்று வெப்பத்தைத் தடுக்கும் பொருள்கள் எல்லாமே பெரும்பாலும் காற்றைச் சிறு சிறு அறைகளில் அடைத்து வைத்துத்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

அதனால்தான் ஈரம் இவ்வளவு பெரிய எதிரி.

தண்ணீரின் கே மதிப்பு சுமார் 0.6. காற்று இருந்த ஓட்டைக்குள் தண்ணீர் புகுந்தால், அந்த இடத்தில் வெப்பம் 23 மடங்கு எளிதாகக் கடக்கும். ஏஏசி பிளாக்கின் எடையில் ஒவ்வொரு 1 சதவீத ஈரத்துக்கும் கே மதிப்பு சுமார் 4 சதவீதம் ஏறும் என்பது ஐஎஸ்ஓ 10456 என்ற சர்வதேசத் தரநிலை தரும் கணக்கு. அது கூட்டு வட்டி போலச் சேர்வதால், 10 சதவீத ஈரம் இருந்தால் 0.16 கிட்டத்தட்ட 0.24 ஆகிவிடும். நண்பரின் இரண்டு அறிக்கைகளுக்கும் இடையில் இருந்தது அந்த 10 சதவீதத் தண்ணீர்தான். ஆட்டோகிளேவ் என்னும் உயர் அழுத்த நீராவிக் கலனிலிருந்து வெளியே வரும் கல்லில் இதைவிட அதிகமாகவே ஈரம் இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

உலர்த்துவதிலும் தவறு நடக்கும். “ஒரு நாள் ஓவனில் வைத்தோம்” என்பது போதாது. 105 டிகிரியில் வைத்து, 24 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எடைகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்வரை தொடர வேண்டும். தராசு சொன்னால்தான் காய்ந்தது என்று கணக்கு. ஆனால் எல்லாப் பொருளையும் 105 டிகிரிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஜிப்சம் பலகையைச் சூடாக்கினால் அதன் படிகத்துக்குள்ளேயே இருக்கும் நீர் கழன்றுவிடும். பிறகு நீங்கள் அளப்பது ஜிப்சத்தையே அல்ல. அதை 40 டிகிரி அளவில் பொறுமையாக உலர்த்த வேண்டும். தெர்மாகோல் 105 டிகிரியில் உருக்குலைந்துவிடும். அப்புறம், காய்ந்த கல்லை இரவு முழுக்கத் திறந்த மேசையில் ஆறவிட்டால், சென்னை போன்ற கடலோர ஊரில் அது காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். மூடிய பெட்டியில் ஆறவிட்டு, மெல்லிய பாலித்தீன் தாளில் சுற்றி அளக்க வேண்டும்.

ஈரமான மாதிரியை ஈரத்தோடேயே அளக்கத் தேவை இருக்கலாம். சுவர் நிஜத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பதால் அந்தத் தேவை நியாயமானது. அப்போது இன்னொரு சிக்கல் வரும். சூடான பக்கத்தில் நீர் ஆவியாகி, துளைகள் வழியே நகர்ந்து, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் நீராகும். அப்படிப் போகும்போது ஆவியாதலின் வெப்பத்தையும் தூக்கிக்கொண்டு போகும். கருவிக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தொடக்கத்தில் கே மதிப்பு அதிகமாகத் தெரிந்து, மணிக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரு பக்க வெப்பநிலை வித்தியாசத்தைக் குறைவாக வையுங்கள், மாதிரியை நீராவி புகாதபடி சுற்றுங்கள், சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத காற்றுத் தாள்

ஈரத்துக்கு அடுத்தபடியாக என்னை அதிகம் ஏமாற்றியது, மாதிரிக்கும் அதை இருபுறமும் பிடிக்கும் கருவியின் தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும் காற்று. கான்கிரீட் துண்டை எவ்வளவு நேராக அறுத்தாலும் அதன் முகம் கண்ணாடி ஆகிவிடாது. உலோகத் தட்டுக்கு நடுவில் வைத்தால் அங்கங்கே தொடும், மற்ற இடங்களில் மெல்லிய இடைவெளி நிற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட், கே மதிப்பு 1.5. அதன் வெப்பத் தடை என்பது மீட்டரில் தடிமனைக் கே மதிப்பால் வகுத்தது: 0.05-ஐ 1.5-ஆல் வகுத்தால் 0.033. இரண்டு பக்கமும் சராசரியாக 0.2 மில்லிமீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக் காற்றின் தடை 0.0077, இரண்டு பக்கமும் சேர்த்து 0.0154. மொத்தத் தடை 0.0487 ஆகிவிடும். இதை வைத்துக் கே மதிப்பைக் கண்டுபிடித்தால் 1.5-க்குப் பதில் 1.03 வரும். பக்கத்துக்கு ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனைவிடக் குறைவான காற்று, விடையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. அதே இடைவெளியை 50 மில்லிமீட்டர் தெர்மாகோலுக்குப் போட்டால் பிழை ஒரு சதவீதம்தான், ஏனென்றால் தெர்மாகோலின் சொந்தத் தடையே 1.4-க்கு மேல்.

ஆகவே தெர்மாகோலுக்கு அருமையாக வேலை செய்த முறை கான்கிரீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று நினைப்பதுதான் இங்கே தவறு. மாதிரியின் வெப்பத் தடை 0.1-க்குக் கீழே இருந்தால், காப்பு வளையம் உள்ள சூடான தட்டு முறையை (அதன் அமைப்பைப் பின்னால் சொல்கிறேன்) நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. கான்கிரீட், கருங்கல், செங்கல் போன்றவற்றுக்கு இரு பக்கமும் மென்மையான சிலிக்கான் ரப்பர் தாளை வைத்து அழுத்த வேண்டும். வெப்பநிலையைத் தட்டில் அளக்காமல், ரப்பருக்கு உள்ளே கல்லின் முகத்திலேயே தெர்மோகப்பிள் என்னும் வெப்பநிலை உணரிக் கம்பியை ஒட்டி அளக்க வேண்டும். இடைவெளி இருந்தாலும் அது அப்போது கணக்குக்குள் வராது.

தெர்மோகப்பிள் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் 35, இன்னொரு பக்கம் 25 என்று 10 டிகிரி வித்தியாசத்தில் அளக்கிறீர்கள். ஒவ்வொரு தெர்மோகப்பிளும் அரை டிகிரி தப்பாக, அதுவும் எதிரெதிர்ப் பக்கமாகக் காட்டினால், விடையில் 10 சதவீதம் போய்விடும். அளக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். பத்து நிமிட வேலை.

பொறுமை போதாமை

பொறியியல் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் லீ வட்டுச் சோதனை செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும். மேலே நீராவி அறை, நடுவில் அட்டை, கீழே கயிற்றில் தொங்கும் பித்தளை வட்டு. இரண்டு வெப்பமானிகளும் நிலையான அளவுக்கு வரக் காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருந்ததில்லை. மணி அடிக்க இருபது நிமிடம்தான் இருக்கும், ஐந்து நிமிடம் ஒரே அளவில் நின்றால் நிலைத்துவிட்டது என்று எழுதிவிடுவோம்.

கட்டுமானப் பொருளில் அந்த அவசரம் இன்னும் பெரிய பிழையாகும். வெப்பம் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பரவி அடங்க ஆகும் நேரத்தைத் தோராயமாகக் காண, தடிமனின் வர்க்கத்தை அந்தப் பொருளுக்குள் வெப்பநிலை மாற்றம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதைக் காட்டும் வெப்பப் பரவுதிறனால் வகுக்கலாம். 50 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். 100 மில்லிமீட்டர் ஏஏசிக்கு 10 மணி நேரம். தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஏஏசி எடை குறைவாக இருப்பதால் சீக்கிரம் சூடாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் கடத்துத்திறன் எடையைவிடவும் அதிக அளவில் குறைந்திருப்பதால் நடப்பது நேர்மாறு. கருவியின் தட்டுகள் நிலைபெற ஆகும் நேரம் இதற்கு மேல்.

எண் நின்றுவிட்டதா என்று பார்ப்பதைவிட, அது ஒரே திசையில் நகர்கிறதா என்று பாருங்கள். அரை மணிக்கு ஒரு முறை எடுத்த அளவுகள் மேலும் கீழுமாகச் சிறிது ஆடினால் பரவாயில்லை. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்தால், மாற்றம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இன்னும் முடியவில்லை.

லீ வட்டைப் பற்றி இன்னொன்று. சூத்திரத்தில் வட்டின் ஆரமும் தடிமனும் சேர்ந்த ஒரு பின்னம் வருமே, அதைப் பலர் மனப்பாடமாக எழுதுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். சோதனையின் முதல் பகுதியில் பித்தளை வட்டின் மேல் முகத்தை அட்டை மூடியிருக்கிறது, அடி முகமும் விளிம்பும் மட்டுமே வெப்பத்தை வெளியே விடுகின்றன. இரண்டாம் பகுதியில் வட்டை மட்டும் ஆறவிடும்போது மேல் முகமும் திறந்து கிடக்கிறது. இரண்டு நிலையையும் ஒப்பாக்கத்தான் அந்தப் பின்னம். அதை விட்டால் விடை கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். வெப்பம் எந்தெந்த முகம் வழியே வெளியேறுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பெரிய கருவிகளில் பக்கவாட்டில் வெப்பம் கசிவதைத் தடுக்கத்தான் நடுத் தட்டைச் சுற்றி அதே வெப்பநிலையில் ஒரு காப்பு வளையம் வைக்கிறார்கள். நம் நாட்டுத் தரநிலையான ஐஎஸ் 3346 சொல்வது இந்த முறையைத்தான்: நடுவில் சூடான தட்டு, அதன் இரு பக்கமும் ஒரே பொருளின் இரண்டு பலகைகள். கொடுத்த மின்சாரம் இரண்டு பலகைக்கும் பிரிந்து போகிறது. இரண்டால் வகுக்க மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அடர்த்தி வேறாக இருந்த இரண்டு பலகைகளை ஜோடி சேர்த்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மாதிரி வழியே பாயும் வெப்பத்தை ஓர் உணரியால் அளக்கும் வெப்பப் பாய்வுமானிக் கருவி இதைவிட வேகமானது, ஆனால் அது ஒப்பிட்டு அளப்பது. தெரிந்த மதிப்புள்ள பலகை ஒன்றை வைத்து முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். அப்படிப் பயன்படும் புகழ்பெற்ற மாதிரிகளான ஐஆர்எம்எம் 440, எஸ்ஆர்எம் 1450 இரண்டுமே கண்ணாடி இழைப் பலகைகள், தெர்மாகோல் வகையறாவுக்குப் பொருத்தமானவை. அவற்றை வைத்துச் சரிபார்த்த கையோடு செங்கலை அளந்தால், சரிபார்த்ததற்கு அர்த்தமில்லை.

சட்டென்று சொல்லிவிடக்கூடியவை சில. ராக்வூல், கிளாஸ்வூல் போன்றவற்றை அழுத்தினால் தடிமன் குறையும். 50 என்று அட்டையில் இருப்பதை எழுதாமல், கருவிக்குள் அழுந்திய பிறகு எவ்வளவு என்று அளக்க வேண்டும். தடிமனில் 10 சதவீதப் பிழை கே மதிப்பில் அப்படியே 10 சதவீதம். பஃப் பேனலின் பாலியூரித்தேன் நுரைக்குள் காற்றைவிடக் கனமான வாயு இருப்பதால் புதிதில் 0.022 அளவுக்குக்கூட இறங்கும். வருடங்கள் போகப் போக அந்த வாயு கசிந்து காற்று உள்ளே வரும், மதிப்பும் ஏறும். புதுப் பேனலின் எண்ணை இருபது வருடத்துக்குப் போடக் கூடாது. மரத்தில் நார் போகும் திசையில் வெப்பம் ஏறக்குறைய இரு மடங்கு எளிதாகப் போகும், எனவே எந்தத் திசையில் அறுத்தோம் என்று எழுத வேண்டும். ஐரோப்பிய விவரக்குறிப்புகளில் இருக்கும் மதிப்பு பெரும்பாலும் 10 டிகிரி சராசரியில் அளந்தது. நம் மொட்டை மாடி சித்திரை வெயிலில் 60 டிகிரியைத் தொடும். காற்றின் கடத்துத்திறனே 0 டிகிரியில் 0.024, 60-ல் 0.029 என்று ஏறுகிறது, அதைப் பிடித்து வைத்திருக்கும் பொருளும் கூடவே ஏறும்.

அலகுகளில் வரும் பிழை இதையெல்லாம்விடப் பெரியது. பழைய புத்தகங்களில் கிலோகலோரிக் கணக்கு இருக்கும், அதை 1.163-ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்க அட்டவணைகளில் பிடியு என்னும் பிரிட்டிஷ் வெப்ப அலகுக் கணக்கில் தடிமனை அங்குலத்தில் சொல்வதும் உண்டு, அடியில் சொல்வதும் உண்டு. மாற்றிப் படித்தால் விடை 12 மடங்கு தவறிவிடும்.

ஊசியும் ஜல்லியும்

இப்போது நிமிடக் கணக்கில் விடை தரும் கருவிகள் வந்துவிட்டன. ஊசி போன்ற உணரியைத் துளையில் செருகிச் சூடாக்கி, அதன் வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பது ஒரு வகை. தட்டையான வட்ட உணரியை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வைப்பது இன்னொரு வகை. ஈரமான பொருளுக்கு இவை நல்லவை, தண்ணீர் நகர்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஆனால் 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்ட கான்கிரீட்டில், 6 மில்லிமீட்டர் ஆரமுள்ள உணரியை வைத்தால் எதை அளக்கிறோம்? அடியில் ஜல்லி இருந்தால் ஜல்லியை, சிமெண்ட் கலவை இருந்தால் கலவையை. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் வேறு எண் வரும், உடனே கருவியின் மேல் சந்தேகம் வரும். உணரியின் அளவு மிகப் பெரிய ஜல்லியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். பெரிய உணரி இல்லையென்றால் பல இடங்களில் அளந்து, சராசரியோடு சிதறலையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே எண்ணை மூன்று தசம இடங்களுக்கு எழுதுவது அந்தச் சிதறலை மறைத்துவிடும். ஊசியைச் செருகும் துளை தளர்வாக இருந்தால் முன்பு சொன்ன காற்றுத் தாள் இங்கேயும் வந்து நிற்கும், வெப்பப் பசை தடவிச் செருக வேண்டும்.

கே மதிப்பே இல்லாத பொருள்கள்

ஹாலோ பிளாக்கின் கே மதிப்பு என்ன என்று கேட்பவர்கள் அதிகம். அதன் கான்கிரீட்டுக்குக் கே மதிப்பு உண்டு. முழுக் கல்லுக்கு இல்லை. உள்ளே இருக்கும் குழியில் காற்று சுழல்கிறது, ஒரு முகத்திலிருந்து எதிர் முகத்துக்கு வெப்பம் கதிராகவும் பாய்கிறது. அதன் அளவு கல்லின் வடிவத்தையும் வெப்பம் போகும் திசையையும் பொறுத்தது. இப்படிப்பட்டதற்குச் சுவராகவே கட்டி, ஒரு பக்கம் சூடான பெட்டியும் மறு பக்கம் குளிர்ந்த பெட்டியும் வைக்கும் சூடான பெட்டி முறையில் மொத்தத் தடையை அளக்க வேண்டும்.

திடமான கல்லாக இருந்தாலும் சுவர் வேறு, கல் வேறு. 600-க்கு 200 மில்லிமீட்டர் முகமுள்ள ஏஏசி பிளாக்கை 10 மில்லிமீட்டர் சிமெண்ட் கலவை வைத்துக் கட்டினால், சுவர்ப் பரப்பில் சுமார் 6 சதவீதம் கலவைதான். கலவையின் கே மதிப்பு 0.8 என்று வைத்தால், சுவருக்கு 0.16 அல்ல, 0.20 வரும். 3 மில்லிமீட்டர் ஒட்டுக் கலவையில் கட்டினால் 0.17-ல் நிற்கும். கல்லின் ஆய்வறிக்கைக்காகச் சண்டை போடும் நாம், கொத்தனார் எத்தனை மில்லிமீட்டர் கலவை வைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறேன்.

மொட்டை மாடிக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்கும் கே மதிப்பைச் சொல்லி விற்கிறார்கள். பூச்சின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். அது அசையாத காற்றுக்குச் சமமானது என்றே ஒப்புக்கொண்டாலும் தடை 0.0077 தான். கீழே இருக்கும் 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளத்தின் தடையே 0.095. அந்தப் பெயிண்ட் நிஜமாகவே பயன் தருகிறது, ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புவதால். கோடைக்கு முன் மாடியில் சுண்ணாம்பு அடிப்பதும் அதற்காகத்தான். அதற்கு அளக்க வேண்டியது சூரிய ஒளியை எவ்வளவு எதிரொளிக்கிறது, உள்வாங்கிய வெப்பத்தை எவ்வளவு வெளியே விடுகிறது என்பவற்றை. கடத்துத்திறனை அளந்தால் நல்ல பெயிண்டையும் தள்ளிவிடுவோம், மோசமானதையும் வாங்கிவிடுவோம். பொதுவாக யாராவது 0.026-க்குக் கீழே ஒரு எண்ணைக் காட்டினால், உள்ளே கனமான வாயுவா, மிக நுண்ணிய துளைகள் நிறைந்த ஏரோஜெல்லா, வெற்றிடமா என்று கேளுங்கள். மூன்றும் இல்லையென்றால் எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கட்டி முடித்த சுவரில்

கட்டிய சுவரின் மேல் வெப்பப் பாய்வு உணரியை ஒட்டி, உள்ளும் புறமும் வெப்பநிலை எடுத்து, சுவரின் மொத்தத் தடையைக் கண்டுபிடிக்கலாம். ஐஎஸ்ஓ 9869 இதற்குக் குறைந்தது 72 மணி நேரம் கேட்கிறது. இந்த முறை குளிர்நாடுகளில் சுலபம். அங்கே பனிக்காலத்தில் உள்ளே 20, வெளியே 0 என்று வெப்பம் வாரக்கணக்கில் ஒரே திசையில் போகும். நமக்கு அப்படி இல்லை. பகலில் உள்ளே வருகிறது, இரவில் வெளியே போகிறது, பகலில் சேர்ந்த சூடு சுவருக்குள்ளிருந்து பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே எட்டிப் பார்க்கிறது. மூன்று நாளைச் சராசரி எடுத்தால் வெப்பநிலை வித்தியாசம் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று சுருங்கிவிடும். அவ்வளவு சிறிய எண்ணால் வகுத்து வரும் விடையை நம்ப முடியாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் அளந்து எழுதிய அறிக்கையைப் பார்க்கவே வேண்டாம்.

வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுங்கள். அறையை ஏசி போட்டு நிறுத்தாமல் குளிர்வித்து, வெளியைவிடச் சராசரியாகப் பத்து டிகிரியாவது குறைவாக வைத்திருங்கள். முழு நாள்களாகவே கணக்கில் எடுங்கள். தூண், பீம், மூலை ஆகியவற்றிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். ஏசியின் காற்று உணரியின் மேல் நேராக அடிக்கக் கூடாது.

புதுச் சுவரை உடனே அளக்கவும் கூடாது. கட்டும்போது ஊற்றிய தண்ணீர், பூச்சுக்கு விட்ட தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நண்பர் குடிபோன வாரமே அளந்து பார்க்க ஆசைப்பட்டார், அடுத்த கோடை வரை பொறுக்கச் சொன்னேன். மிஞ்சிய கற்களில் இரண்டைப் பூசாமல் அதே அறையின் மூலையில் வைத்திருக்கிறார். உலர்ந்தால் 10.8 கிலோ இருக்க வேண்டிய கல் அது, லாரியிலிருந்து இறங்கிய அன்று 11.9 இருந்தது. மளிகைக் கடைக்காரரிடம் தராசை வாங்கி வந்து மாதம் ஒரு முறை எடை போட்டு எழுதிவருகிறார். போன மாதம் 11.3.